டிஸ்சார்ஜ் புக்கில் விட்டுப்போன போர்ப் பதக்கம்: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

காரைக்குடி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு மகன் கேட்டிருக்கும் கேள்வி இது. அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் 15 ஆண்டு இருந்து நாயக் பதவியில் வெளியே வந்தவர். 1971 சண்டையில் மேற்கே ஷகர்கட் பக்கம் இருந்திருக்கிறார். இடது கெண்டைக்காலில் சில்லு பாய்ந்த தழும்பு இருக்கிறது. ஆனால் பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் 1971 போருக்கான சங்கிராம் மெடலும் 9 வருட நீண்ட சேவைப் பதக்கமும் மட்டும்தான் எழுதியிருக்கிறது. கூட இருந்தவர்களிடம் மேற்குப் போர்முனைக்கான பஸ்சிமி ஸ்டார் இருக்கிறது, சிலரிடம் காயப் பதக்கமும் இருக்கிறது. அப்பாவுக்கு ஏன் இல்லை, சிவகங்கை ஆபீசுக்குப் போனால் திருத்திக் கொடுப்பார்களா?

சிவகங்கையில் திருத்த முடியாது. அங்கே உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உங்கள் மனுவுக்கு முகப்புக் கடிதம் வைத்து அனுப்பும், நகல்களைச் சான்றொப்பமிட்டுத் தரும், பதில் வராவிட்டால் நினைவூட்டும். அதற்காகப் போகலாம். பதிவில் பேனா வைக்கும் அதிகாரம் அந்தந்த ரெஜிமெண்டின் ரெக்கார்ட் ஆபீசுக்கு மட்டும்தான் உண்டு. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரியில் குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் இருக்கிறது. பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, பீரங்கிப்படை என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், இயந்திரப் பழுதுபார்ப்புப் படையான ஈ.எம்.ஈ. என்றால் செகந்திராபாத். விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க். கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்குர்டு. குடியரசுத் தலைவருக்கும் பாதுகாப்பு அமைச்சருக்கும் நேரே எழுதுகிறவர்கள் நிறைய. அந்தக் கடிதங்கள் ஒவ்வொரு மேசையாக இறங்கி, கடைசியில் இதே ரெக்கார்ட் ஆபீசின் மேசைக்குத்தான் வந்து சேரும். சுற்றி வருகிற மாதங்கள்தான் நஷ்டம்.

அடுத்து, என்ன கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பதக்கம் எல்லாம் ஒரே சாதி இல்லை. பஸ்சிமி ஸ்டார், கிழக்குப் போர்முனைக்கான பூர்வி ஸ்டார், சங்கிராம் மெடல், 1965 போருக்கான சமர் சேவா ஸ்டார், எல்லைப் பகுதிச் சேவைக்கான சைன்ய சேவா மெடல் எல்லாம் உரிமைப் பதக்கங்கள். இன்ன தேதிக்குள், இன்ன பகுதியில், இன்ன யூனிட்டின் பலத்தில், அதாவது ஆள் கணக்கில், இருந்தார் என்றால் கிடைத்தாக வேண்டும். யாருடைய சிபாரிசும் தேவையில்லை. அதனால் 50 ஆண்டு கழித்தும் கேட்கலாம். சேனா மெடல், வீர் சக்ரா போன்ற வீர விருதுகள் வேறு வகை. அவற்றைக் கமாண்டிங் ஆபீசர் அன்றைக்கே எழுதி, பிரிகேட், டிவிஷன் என்று மேலே போய், அரசிதழில் வந்திருக்க வேண்டும். எழுதாமல் விட்டுப்போன வீரத்தை இன்று மனுப் போட்டு விருதாக்குவது ஏறக்குறைய நடக்காத காரியம். நீதிமன்றமும் அந்த மதிப்பீட்டுக்குள் இலகுவில் நுழைவதில்லை. ஆனால் அரசிதழில் வந்து, டிஸ்சார்ஜ் புக்கில் மட்டும் ஏறாமல் போயிருந்தால், அரசிதழின் அந்தப் பக்கத்து நகல் ஒன்றே போதும்.

உங்கள் அப்பா விஷயத்தில் இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன. பஸ்சிமி ஸ்டார் உரிமைப் பதக்கம். காயப் பதக்கத்துக்குத் தனி நிரூபணம் வேண்டும். இரண்டையும் ஒரே மனுவில் குழப்பி எழுத வேண்டாம். ஒன்று எளிதாக முடியும், மற்றது இழுக்கும். சேர்த்து எழுதினால் இழுப்பதோடு சேர்ந்து எளிதானதும் நின்றுவிடும்.

இப்போது வீட்டிலிருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறங்கள். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ., பழைய லீவ் சர்ட்டிபிகேட், சண்டைக் காலத்தில் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், மணியார்டர் துண்டுகள் எதையும் தள்ளாதீர்கள். கடிதத்தில் ஊர்ப் பெயர் இருக்காது. ஆனால் பட்டாளத்துத் தபால் நிலைய எண் முத்திரை இருக்கும். தேதியோடு அது இருந்தால் துணைச் சான்று ஆகும். டிஸ்சார்ஜ் புக்கில் பதக்கப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடக்கூடாது. பணியாற்றிய யூனிட்டுகள், ஃபீல்ட் சர்வீஸ், காயங்கள், ரிலீஸ் ஆனபோது மெடிக்கல் கேட்டகரி (உடல் தகுதி நிலை) ஆகியவை எழுதிய பக்கங்கள்தான் இந்த வழக்கின் உயிர்.

கையில் உள்ள சங்கிராம் மெடலை எடுத்து வெளிச்சத்தில் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். அரசு கொடுத்த பதக்கமானால் விளிம்பில் ராணுவ எண், பதவி, பெயர், ரெஜிமெண்ட் என்று பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். அதில் உள்ள எண்ணும், பெயரின் ஆங்கில எழுத்தும் டிஸ்சார்ஜ் புக்கோடு ஒத்துப்போகிறதா என்று எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஓர் இலக்கம் மாறியிருந்தாலும், அடுத்த பதக்கம் ஏன் வரவில்லை என்பதற்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். விளிம்பு வழவழவென்று வெறுமையாக இருந்தால் அது கடையில் வாங்கிய நகலாக இருக்கலாம். அதைச் சான்று என்று காட்டாதீர்கள்.

சங்கிராம் மெடல் இருப்பதால் பஸ்சிமி ஸ்டாரும் கிடைத்தாக வேண்டும் என்று வாதாடக்கூடாது. சங்கிராம் மெடலின் வட்டம் பெரியது. ஸ்டார் அதற்குள்ளே நேரடிச் சண்டை நடந்த பகுதிக்கு உரியது. யூனிட்டுக்கு ஸ்டார் வந்திருந்தும் அந்த நாட்களில் இவர் லீவில் வீட்டில் இருந்திருந்தாலோ, வெலிங்டனில் டிரெயினிங்கில் இருந்திருந்தாலோ கிடைக்காது. ஆகவே கேள்வி ஒன்றுதான்: டிசம்பர் 1971-ல் இவர் உடம்பு எங்கே இருந்தது, அதை எந்தக் காகிதம் சொல்கிறது?

அந்தக் காகிதத்தின் பெயர் பார்ட் டூ ஆர்டர். பட்டாளத்தில் ஒருவருக்கு நடக்கும் எதுவும், அதாவது யூனிட்டில் சேர்ந்தது, விலகியது, லீவு, ஆஸ்பத்திரி, கல்யாணம், பிள்ளை பிறந்தது, பதக்கம் எல்லாமே யூனிட் வெளியிடும் பார்ட் டூ ஆர்டரில் ஏறும். அது ரெக்கார்ட் ஆபீசுக்குப் போய், அவருடைய பணிப் பதிவேடான ஷீட் ரோலில் பதியப்படும். டிஸ்சார்ஜ் புக் அந்த ஷீட் ரோலைப் பார்த்து ஓய்வின்போது ஒரு கிளார்க் எழுதியது. ஆகப் பதக்கம் மூன்று இடத்தில் தவறியிருக்கலாம். யூனிட் ஆர்டரே போடவில்லை. ஆர்டர் போட்டும் ஷீட் ரோலில் ஏறவில்லை. ஷீட் ரோலில் இருந்தும் டிஸ்சார்ஜ் புக்கில் எழுதாமல் விட்டார்கள். மூன்றாவதானால் சுலபம். முதலாவதுதான் கஷ்டம்.

முதலாவது பெரும்பாலும் யாருக்கு நடக்கிறது என்றால், சொந்த யூனிட்டை விட்டு வேறோர் இடத்தில் அட்டாச்மெண்டில் இருந்தவர்களுக்கு. பிரிகேட் தலைமையகத்துக்கு டிரைவராக, சமையல்காரராக, சிக்னல் பிரிவுக்குத் துணையாகப் போனவர் பெயரைச் சொந்தப் பட்டாலியன் அங்கே சேர்ப்பார்கள் என்று விட்டிருக்கும். அங்கே இருப்பவர்கள் இவர் நம் ஆள் இல்லை என்று விட்டிருப்பார்கள். இன்னொரு வகை, காயம்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள். யூனிட் பதக்கப் பட்டியல் எழுதிய மாதத்தில் அவர் பலத்திலேயே இல்லை. உங்கள் அப்பா காலில் தழும்பு என்கிறபோது எனக்கு முதலில் சந்தேகம் தட்டுவது இதில்தான்.

எனவே மனுவுக்கு முன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) ரெக்கார்ட் ஆபீசுக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். கட்டணம் ரூ.10. போஸ்டல் ஆர்டராகவும் அனுப்பலாம், மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்திலும் கட்டலாம். நகலுக்குப் பக்கத்துக்கு ரூ.2. பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. விண்ணப்பத்தை மகன் தன் பெயரில் போட்டுவிடுவார். மூன்றாம் நபரின் சொந்த விவரம் என்று மறுத்துவிடுவார்கள். விண்ணப்பதாரர் அப்பாவாகவே இருக்க வேண்டும். கையெழுத்தும் அவருடையதாக, டிஸ்சார்ஜ் புக்கில் போட்ட மாதிரியே இருக்க வேண்டும். அடையாள அட்டை நகலும் பி.பி.ஓ.வின் முதல் பக்கமும் உடன் வைக்கவும்.

ஆர்.டி.ஐ.யில் "ஏன் பதக்கம் தரவில்லை?" என்று கேட்காதீர்கள். ஏன் என்பது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். காகிதத்தைக் கேளுங்கள். இப்படி: ஷீட் ரோலின் எல்லாப் பக்கங்களின் நகல். 1.10.1971 முதல் 31.12.1972 வரை எனக்கு வெளியான பார்ட் டூ ஆர்டர்களின் எண், தேதி, நகல். எனக்கு உரியதாகப் பதிந்துள்ள பதக்கங்களின் பட்டியலும் ஒவ்வொன்றும் அனுப்பப்பட்ட தேதியும். காயம் அல்லது ஆஸ்பத்திரி அனுமதி குறித்த பதிவுகளின் நகல். இவ்வளவு போதும். இதில் டி.ஓ.எஸ்., எஸ்.ஓ.எஸ். என்று வரும் வரிகளைத் தேதியோடு தனியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு யூனிட்டின் பலத்தில் சேர்ந்த நாளும் நீங்கிய நாளும் அவைதான்.

பதிவே அழிந்துவிட்டது என்று பதில் வருவதும் உண்டு. ராணுவ விதிமுறைகள் 1987, பத்தி 595-ஐக் காட்டுவார்கள். பென்ஷன் இல்லாமல் வெளியேறியவர்களின் காகிதங்களை 25 ஆண்டுக்குப் பின் அழிக்க அதில் இடமுண்டு. உங்கள் அப்பா பென்ஷன்தாரர் என்பதால் அந்தப் பதிலை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பென்ஷன் இல்லாதவர்களுக்கும் லாங் ரோல் என்ற சுருக்கப் பதிவேடு நிரந்தரமாக வைக்கப்படுகிறது. அதன் சாற்றைக் கேட்கலாம். யூனிட் அந்த நாளில் எங்கே இருந்தது என்பதற்கு அதன் போர்க்கால நாட்குறிப்பான வார் டைரி உதவும். பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு டெல்லியில் அவற்றைப் பாதுகாக்கிறது. ஆனால் அதில் ஜவான்கள் பெயர் தேடிப் பயனில்லை, யூனிட்டின் நகர்வுதான் இருக்கும்.

நகல்கள் வந்தபின் மனு. ஆங்கிலத்தில் அல்லது இந்தியில், ஒரு பக்கத்தில் முடிய வேண்டும். தமிழில் மட்டும் எழுதினால் மொழிபெயர்ப்புக்கு ஆள் தேடும் வரை கிடப்பில் கிடக்கும். மேலே எண், பதவி, பெயர், சேர்ந்த தேதி, ஓய்வு தேதி, பி.பி.ஓ. எண். எண்ணின் கடைசியில் ஆங்கில எழுத்து இருந்தால் அதையும் விடக்கூடாது. மனுவின் சாரம் இந்த அளவில் இருக்கட்டும்: "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இன்ன பட்டாலியனின் இன்ன கம்பெனியில் பலத்தில் இருந்தேன்; பார்ட் டூ ஆர்டர் எண் இன்னது; இணைப்பு 1. அக்காலத்தில் பட்டாலியன் மேற்குப் போர்முனையில் இருந்தது, இணைப்பு 2. இதே கம்பெனியில் இருந்த இன்னாருக்குப் பஸ்சிமி ஸ்டார் வழங்கப்பட்டுள்ளது, இணைப்பு 3. எனக்கும் தகுதி சரிபார்த்து, ஷீட் ரோலில் பதிந்து, டிஸ்சார்ஜ் புக்கில் ஏற்றி, பதக்கம் வழங்கக் கோருகிறேன்." வரிசை முக்கியம். பதக்கத்தைக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டால் இருப்பு இல்லை என்று ஒரு பதில் வந்து நின்றுவிடும். பதிவு ஏறிவிட்டால் பதக்கம் தாமதித்தாலும் உரிமை நிலைத்துவிட்டது.

அந்த மூன்றாவது இணைப்பு பலர் யோசிக்காத பலம். தோழர்கள் எழுதிக்கொடுக்கும் பிரமாணப் பத்திரம் மட்டும் என்றால் அரை மதிப்புதான். அதே கம்பெனியில், அதே நாட்களில் இருந்த ஒருவர் தன் டிஸ்சார்ஜ் புக்கில் பஸ்சிமி ஸ்டார் எழுதிய பக்கத்தின் நகலைத் தந்து, கூடவே பிரமாணப் பத்திரமும் கொடுத்தால், அதை ஒதுக்க ரெக்கார்ட் ஆபீஸ் காரணம் எழுத வேண்டியிருக்கும். அன்றைய பிளட்டூன் ஜே.சி.ஓ. (சுபேதார் போன்றவர்) அல்லது கம்பெனி அதிகாரி உயிரோடு இருந்தால் அவர் கடிதம் இன்னும் எடை கூடும். 1971-ல் 25 வயது என்றால் இன்று எண்பதை நெருங்குகிறார்கள். இந்த வேலையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

செட்டிநாட்டுப் பக்கத்துக்காரர்களுக்குப் பெயரிலும் முகவரியிலும் தனிச் சிக்கல் உண்டு. பழைய பதிவில் ஜில்லா ராமநாதபுரம் என்று இருக்கும். சிவகங்கை தனி மாவட்டமானது 1985-ல்தான். புதுக்கோட்டைப் பக்கத்து ஊர் என்றால், 1974-க்கு முன் சேர்ந்தவருக்குத் திருச்சி ஜில்லா என்று இருக்கும். ஆதாரில் சிவகங்கை, பதிவில் ராமநாதபுரம் என்றால் வேறு ஆள் என்று நினைத்து ஒதுக்கும் வடநாட்டு கிளார்க்கை நொந்து பயனில்லை. மனுவிலேயே ஒரு வரி விளக்கம் எழுதிவிடுங்கள். பெயரும் அப்படித்தான். கருப்பையா என்பதை ஆள் சேர்த்தவர் தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். தந்தை பெயரின் முதலெழுத்து சில இடத்தில் விரிந்து முன்னால் நிற்கும், சில இடத்தில் காணாமலே போயிருக்கும். ராணுவ எண் ஒன்றாக இருந்தால் இரு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் போதுமா, பெயர்த் திருத்தமே வேண்டுமா என்பதை ரெக்கார்ட் ஆபீசிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக முந்திக்கொண்டு பெயர் மாற்றத்தைத் தொடங்கினால், பென்ஷன் நடக்கும் ஸ்பர்ஷ் இணையதளத்தில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று ஆகிப் புதுத் தலைவலி வரும்.

இனி காயப் பதக்கம். பராக்ரம் பதக் என்பது அதன் பெயர். எதிரியின் நேரடித் தாக்குதலில் பட்ட காயத்துக்கு மட்டும் உரியது. குண்டு, ஷெல் சில்லு, எதிரி புதைத்த கண்ணிவெடி இவை செல்லும். போர்முனையிலேயே வண்டி கவிழ்ந்து கால் ஒடிந்திருந்தாலும், பனியில் விரல் போயிருந்தாலும் இந்தப் பதக்கம் இல்லை. பதிவில் பார்க்க வேண்டிய சொல் "பேட்டில் கேசுவல்டி", அதாவது போரில் பட்ட காயம். "பிசிகல் கேசுவல்டி", அதாவது வேறு காரணத்தால் வந்தது, என்று இருந்தால் முதலில் அந்த வகைப்பாட்டைத்தான் எதிர்க்க வேண்டும். பதக்கம் அதற்குப் பின்னால்தான் வரும். ஆஸ்பத்திரி அனுமதிச் சீட்டு, காய அறிக்கை, மெடிக்கல் போர்டு காகிதங்கள் இவற்றில் ஒன்றிலாவது காரணம் எழுதியிருக்க வேண்டும். இன்று ஒரு டாக்டரிடம் எக்ஸ்ரே எடுத்து, உள்ளே உலோகச் சில்லு தெரிகிறது என்று சான்று வாங்கினால் அது துணை நிற்கும், தனியே போதாது. கட்டுப் போட்டுக்கொண்டு களத்திலேயே இருந்தவர், ஆஸ்பத்திரிக்கே போகாதவர் என்றால், உண்மையைச் சொல்வதானால், கிடைப்பது மிகக் கடினம்.

இதில் பணம் உண்டா என்ற கேள்வி கட்டாயம் வரும். பஸ்சிமி ஸ்டாருக்கு மாதப் பணம் கிடையாது. இதற்காக ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். காயம் மட்டும் வேறு. மெடிக்கல் போர்டு ஊனம் பதிந்திருந்து, அது எதிரி நடவடிக்கையால் வந்தது என்று திருத்தப்பட்டால், பென்ஷனில் சாதாரண ஊனப் பங்குக்குப் பதில் போர்க்காயப் பங்கு கோரலாம். ரெக்கார்ட் ஆபீஸ் பிரயாக்ராஜில் உள்ள பென்ஷன் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்பித் திருத்திய பி.பி.ஓ. வாங்க வேண்டும். ஆனால் ரிலீஸ் ஆகும்போது மெடிக்கல் கேட்டகரி முழுத் தகுதி என்று எழுதியிருந்தால், தழும்பைக் காட்டிப் பென்ஷன் கேட்பது நிற்காது. பதக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மனுவை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு நகலை சிவகங்கை அலுவலகத்திலும் கொடுத்து முத்திரை வாங்குங்கள். மூல டிஸ்சார்ஜ் புக்கை மட்டும் அவர்களாக எழுத்தில் கேட்கும் வரை அனுப்பாதீர்கள். கேட்டால், எல்லாப் பக்கமும், வெற்றுப் பக்கம் உட்பட, ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு அனுப்புங்கள். முடியுமானால் ஒருவர் குன்னூர் வரை போய் நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குவது மேல்.

மறுத்துப் பதில் வந்தால், அந்தக் கடிதத் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். பதிலே வராவிட்டால், மனுக் கொடுத்து 6 மாதம் காத்திருந்து அடுத்த 6 மாதத்துக்குள். 2007-ஆம் ஆண்டு ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டத்தின் பிரிவு 22 சொல்வது இது. தாமதத்தை மன்னிக்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. வழக்கறிஞர் இல்லாமல் தானே வாதிடலாம். பல்லவன் ரயிலில் ஏறினால் காலையில் கிளம்பி மதியத்துக்குள் சென்னை. ஆனால் எழுத்தில் ஒரு மறுப்பு கையில் இல்லாமல், அல்லது கொடுத்த மனுவின் ஒப்புகை இல்லாமல் போனால், முதலில் துறையிடம் கேட்டுவிட்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள். பென்ஷன் சம்பந்தப்பட்ட தாமத வழக்குகளில் நிலுவை பொதுவாக மனுத் தேதிக்கு முந்தைய 3 ஆண்டுக்குத்தான் கிடைக்கும். 2008-ல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வரம்பு அது. பதக்கத்துக்கு அப்படி நிலுவைக் கணக்கு எதுவும் இல்லை.

இடையில் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டாலும் கோரிக்கை சாகாது. பதிவில் அடுத்த உறவாக உள்ளவர், உங்கள் அம்மா, அதே எண்ணைச் சொல்லித் தொடரலாம். அதற்காகவாவது அம்மாவின் பெயர் பி.பி.ஓ.விலும் ஆதாரிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். பதிவு ஏறும் முன்பே முகப்பில் சட்டம் போட்டு மாட்டக் கடையில் ஸ்டார் வாங்கித் தருகிறேன் என்று பேரப்பிள்ளைகள் கிளம்பினால், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.